ஆங்கிலச் சொன்மரபு
(சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனுக்கு ஆங்கிலத்தில் யாது வேலையென நீவிர் வினவலாம். யானை மேய்ப்பான் என்றால் நகைக்கின்றோம். பாகன் என்பதே மரபு. ஆங்கிலமும் இங்ஙனமே. பெருமழையை 'ஹெவி ரெயின்' என்பர். 'ஸ்ட்ராங் ரெயின்' என்னார். தேநீரோ 'ஸ்ட்ராங் டீ'. நம் கடைகளில் 'லைட் டீ' என்று கேட்கின்றோமே, அதனை அவர்கள் 'வீக் டீ' என்பர். காரணம் தேடிப் பயனில்லை, வழக்கே காரணம்.

சென்ற ஆண்டு நம் குலத்துப் பிள்ளையொருவன் நேர்முகத் தேர்வில் 'டிட் எ மிஸ்டேக்' என்றனன். 'மேட்' என்றிருத்தல் வேண்டும். தேர்வாளர் ஒருவர் சிரித்தார். அதன்பின் அவன் வாய் திறந்திலன், வேலையும் போயிற்று. அவ்விரு வினைகட்கும் தமிழில் 'செய்தல்' ஒன்றே. பிள்ளை என் செய்வான்!

இவ்விடர் நமக்கே உரியதன்று. ஜப்பானிய மாணாக்கர் பொருட்டு, பாமர் என்னும் ஆங்கிலேயர் 1933-இல் இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஹார்ன்பியும் துணைவர் இருவரும் ஆக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. சொல்லின் பொருளோடு, அது வாக்கியத்தில் அமையும் முறையையும் அது காட்டிற்று.

மாணவர்காள்! புதுச்சொல்லைத் தனியே குறித்துக்கொள்ளற்க; அதனோடு வரும் சொல்லையும் சேர்த்தே எழுதுமின். 'மிஸ்டேக்' என்றன்று, 'மேக் எ மிஸ்டேக்' என்று.

அவ்வகராதியின் இக்காலப் பதிப்பொன்று நம் விடுதிக்கு வேண்டும். பெரியோர் எவரேனும் வாங்கியளிப்பின், ஞாயிறுதோறும் மாலையில் யானே வந்து பிள்ளைகளுடனிருந்து படிப்பேன்.