மடல் வந்தது, செய்தி வரவில்லை
(சங்க ஆண்டு விழாவில் செய்திமடல் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



நம் சங்கச் செய்திமடலை மின்னஞ்சல் வழியே அனுப்பும் பொறுப்பினை ஏற்றுள்ள நான், என் பிழை ஒன்றினை ஒப்புக்கொள்ளவே இம்மேடையில் நிற்கின்றேன்.

சென்ற ஆண்டு மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்தபோது, இரங்கற் கூட்ட அறிவிப்பினைக் கறுப்புக் கட்டமிட்டு, அழகிய எழுத்துகளால் ஒரே படமாக அமைத்து அனுப்பினேன். என் கணினித் திரையில் அச்சுத்தாள் போலவே அது விளங்கிற்று. ஆயினும் மறைந்தவரின் நாற்பதாண்டு நண்பர் கூட்டத்திற்கு வரவில்லை. மறுவாரம் அவர் இல்லம் சென்றேன். மடலைத் திறந்து காட்டினார். வெற்றுச் சதுரம் ஒன்றே தெரிந்தது. "ஏதோ விளம்பரம் என்று எண்ணி விட்டுவிட்டேன், தம்பி" என்றார். மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து படத்தைக் கொணரும்போது, மடல் திறக்கப்பட்ட செய்தி அனுப்பியவருக்கு எட்டிவிடக் கூடும். ஆகவே மின்னஞ்சல் செயலிகள் சில, நாம் இசைவளிக்கும் வரை படங்களைக் காட்டுவதில்லை. படத்திற்குப் பதிலாகத் தோன்ற வேண்டிய சொற்களை எழுதிவைக்கலாம். நான் அதனையும் செய்திலேன்.

அச்சிட்ட தாள் எவர் கைக்குச் சென்றாலும் ஒன்றே. மின்மடலையோ பெறுவோரின் செயலி தன் போக்கில் மீண்டும் கோக்கின்றது. விண்டோசுக்கான அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, வேர்டு செயலியின் முறையிலேயே மடலை வரைந்து காட்டலாயிற்று. பின்னணிப் படங்களும் பத்திகளும் அதில் நிலைகுலைவதுண்டு. புதிய அவுட்லுக்கில் அம்முறை மாறியுள்ளது. பழையதை விடாதோர் நம்மிடையே உள்ளனரே!

தமிழுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை ஜிமெயில் அவ்வளவில் நறுக்கி, எஞ்சியதைக் காண ஓர் இணைப்பினை மட்டும் தருகின்றது. இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் ஆங்கில எழுத்திற்கு ஒரு பைட். 'க' என்பதற்கு மூன்று. 'கி' என்பதற்கு ஆறு. வேர்டில் எழுதியதை அப்படியே ஒட்டினால், கண்ணுக்குப் புலனாகாத கட்டளைகளும் சேர்ந்து சுமை ஏறும். தலைவர் உரை முதலில் வருவதால் தப்பிவிடும். இறுதியில் வரும் நம் பிள்ளைகளின் தேர்ச்சிப் பட்டியலன்றோ மறைந்துபோகும்! சினமுற்ற தாய்மார்கள் என்னை மன்னிப்பார்களாக.

இப்போது அறிவிப்புகளை எழுத்தாகவே, ஒற்றைப் பத்தியில் அமைக்கின்றேன். அழகு சற்றுக் குறைந்ததென இளைஞர் சிலர் குறைகூறுகின்றனர், குறைந்தது உண்மையே. ஒவ்வொரு மடலையும் முதலில் அப்பெரியவருக்கு மட்டுமே அனுப்புகின்றேன். "தெரிகிறது, தம்பி" என்று அவர் தொலைபேசியில் கூறிய பின்னரே ஏனையோருக்குப் போகின்றது.