மணி அடிப்பவர் யார்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மனச் சமநிலையும் நல்வழக்கங்களும் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்துள்ளார். நேரத்தோடு எழும்பு, அளவாக உண், கெட்ட சகவாசம் கொள்ளாதே என்று பத்துக் கட்டளைகளை அடுக்கிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். சபையோரும் கைதட்டிவிட்டு வடைக்கும் தேநீருக்கும் எழுந்துவிடலாம். ஆனால் அவை யாவும் முன்வரிசையில் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. தெரிந்ததை ஏன் செய்ய முடிவதில்லை என்பதே கேள்வி. அதனை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் மிஷனரிமார் நிறுவிய ஒரு பாடசாலையில், விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே நாள் முழுவதையும் ஆண்டது ஒரு மணி. ஐந்தரைக்கு மணி அடிக்கும், எழுந்தோம். மீண்டும் மணி, முகங் கழுவினோம். மணி, படித்தோம். மணி, உண்டோம். இரவு ஒன்பதரைக்கு மணி, விளக்கு அணைந்தது. சைவப் பிள்ளைகளாகிய எமக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் மணி ஒன்றே. அதனால் அடைந்த நன்மையை நான் மறக்கமாட்டேன். ஆயினும் பல்கலைக்கழகம் சென்றபின் ஒன்று கண்டேன். அங்கே மணி அடிப்பார் இல்லை. மணிக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் முதல் வருடத்திலேயே தடுமாறுகின்றனர். இரவு இரண்டு மணிக்கும் விடுதி அறைகளிலே கைத்தொலைபேசியின் வெளிச்சம். காலை விரிவுரைக்கு வெறும் வயிறும் வீங்கிய கண்ணும். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். இவர்களிடம் இருந்த ஒழுங்கு மணியினுடைய ஒழுங்கு. மணி நின்றது, ஒழுங்கும் நின்றது.

எமது ஊரின் மணி வேறுவிதமாக நின்றது. கிளிநொச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இடம்பெயர்ந்தோர் பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே வந்து இங்கே நெருக்கியிருந்த வேளையில், 2009 ஜனவரி 21 ஆந் திகதி, உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் உள்ளடக்கிய பகுதி பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வலயத்துள்ளும் எறிகணைகள் விழுந்தன. மே மாதத்தில் போர் முடியும்வரை, எப்போது உண்பது, எப்போது கண்ணயர்வது என்பதை எறிகணையே தீர்மானித்தது. அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அங்கே நேரத்தைத் தீர்மானித்தது வரிசை. தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. 2012 செப்டெம்பரிலேதான் அம்முகாம் முற்றாக மூடப்பட்டது. இங்குள்ள வாலிபர் பலர் அப்போது தாயின் இடுப்பில் இருந்தவர்கள். அவர்களுக்கு நினைவில்லை என்கிறோம். ஆனால் பெற்றோர் நித்திரையற்றுக் கிடந்த வீடுகளில் அவர்கள் வளர்ந்தார்கள். திடுக்கிட்டு விழிப்பதையும், புத்தகத்தில் மனம் நில்லாமையையும், காரணமின்றிச் சினப்பதையும் சோம்பல் என்றும் குணக்கேடு என்றும் கூறுவது அநியாயம் என்பது என் துணிபு.

மீளக் குடியேறிய காலத்தில் எமது தாய்மார் செய்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருந்தது தகரக் கொட்டில். அதற்குக் கதவுகூட இல்லை. ஆயினும் விடியுமுன் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். கருக்கலில் ஒரு சிறு விளக்கு ஏற்றினார்கள். எந்த அதிகாரியும் இதற்கு உத்தரவு இடவில்லை. எந்த நிறுவனமும் இதற்கு நிவாரணம் வழங்கவில்லை. தமது மணியைத் தாமே அடித்தார்கள். எமது ஊரிலே சமநிலை திரும்பத் தொடங்கிய இடம் அந்த முற்றமே என்று நான் நினைக்கிறேன்.

எமது அயலிலேயே இதற்கு வேறொரு சான்று உண்டு. யோகர் சுவாமிகள் 1872 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திற் பிறந்தவர். ஒருவகையில் அவர் எனது வகுப்பைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே கத்தோலிக்கக் குருமாரிடம் படித்தவர். அதன்பின் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்திலே களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமை பார்த்தார். அக்காலத்துக் கிளிநொச்சியை இன்றைய பட்டணமாக எண்ணிவிடாதீர்கள். அது காடு, காய்ச்சலுக்கும் யானைக்கும் பேர்போன இடம். அங்கே பகலெல்லாம் பொருள்களுக்குக் கணக்கு வைத்துவிட்டு, இரவில் தமது அறையிலே நெடுநேரம் தியானத்தில் இருந்தார் என்று அவருடைய சரித்திரம் கூறும். 1905 ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளை அடைந்து உத்தியோகத்தைத் துறந்தார். பின் கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 இல் சமாதியடைந்தார்.

பெரியோர்கள் எமக்குச் சொல்வது தேரடிக்குப் பின்னுள்ள யோகரைப் பற்றி. வாலிபர்கள் அறிய வேண்டியவர் தேரடிக்கு முன்னிருந்த களஞ்சியக்காரர் என்பேன். மாதச் சம்பள உத்தியோகம், தனிமை, இருட்டு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத காடு. ஒரு வாலிபன் கெட்டுப்போவதற்கு இவற்றிற்கு மேல் என்ன வேண்டும்? கல்லூரி மணி யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டது. காட்டில் அவரே அடித்துக்கொண்டார். தேரடியில் நிகழ்ந்தது எல்லார்க்கும் நிகழாது. களஞ்சிய அறையில் நிகழ்ந்தது எவர்க்கும் இயலும்.

எப்படி அடிப்பது என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்: எழும்பும் நேரம். படுக்கும் நேரத்தை எவரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, நித்திரை சொற்கேளாது. எழும்பும் நேரமோ எமது கையில் உண்டு. மூளையினுள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணிற் பட்டதும் அது நாளைத் தொடக்கிவைக்கிறது. இரவானதும் மெலற்றோனின் என்னும் சுரப்பு நித்திரைக்கு ஆயத்தம் செய்கிறது. படுக்கையிலே கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை முகத்திற் பிடித்தால் அச்சுரப்புப் பிந்துகிறது. ஒரே நேரத்தில் எழும்பி வெளியே வந்து நின்றால், சில நாட்களில் நித்திரையும் தானாகவே நேரத்துக்கு வரப் பழகும். வளர்ந்தவருக்கு ஏழு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயலில் நிற்கும் பெரியோர் இதைக் கேட்டுச் சிரிப்பர். முந்நூறு யார் தூரத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிளிற் போகும் நாம் சிரிக்க முடியாது.

மனத்தைப்பற்றி வேற்றூர் உவமை எதற்கு? எமது குளம் இருக்கிறது. மாரியில் நிரம்பி வான் பாய்கிறது. துருசை இரவுபகலாகத் திறந்துவிட்டால் சிறுபோகத்துக்கு என்ன மிஞ்சும்? எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் நீர் விட்டால் கடைசி வயலுக்கு எட்டாது என்று முறைவைத்துப் பாய்ச்சுகிறோம். கைத்தொலைபேசி திறந்தபடி கிடக்கும் துருசு. படிக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு அதனை அடைத்து வேறு அறையில் வையுங்கள். படிப்பு என்ற வாய்க்காலுக்கு முறை வரும். பெரியோர்களே, தொலைக்காட்சித் தொடரும் ஒரு துருசுதான் என்பதைப் பணிவோடு சொல்லிவைக்கிறேன்.

மூச்சைப்பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போரால் மனம் நொந்தவர்களுக்கு மருந்தோடு பிராணாயாமம், சாந்தியாசனம், செபம் ஆகியவற்றையும் பயன்படுத்தினார். சைவருக்கு அவர்களுடைய மந்திரம், கிறிஸ்தவருக்கு அவர்களுடைய செபம் என்று அவரவர் மரபிலிருந்தே எடுத்துக்கொண்டார். செபமாலையும் உருத்திராட்சமும் ஒரே வேலையைச் செய்வதை விடுதியிலே பக்கத்துக் கட்டிலிற் கண்டவன் நான். எனக்கு இதில் வியப்பில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. நுண்கடன்காரர் வாசலில் நிற்பதால் நித்திரை வராத தாய்க்கு மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. காணாமற்போன மகனை எதிர்பார்த்திருக்கும் தகப்பனிடம் போய் மனத்தை ஒருமைப்படுத்துங்கள் என்று கூற எனக்கு நாவெழாது. அத்தகைய துயரத்துக்கு அயலவர் வேண்டும், சில வேளைகளில் வைத்தியரும் வேண்டும். அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் உதவி கிடைக்கும். அங்கே போவதை வெட்கமென்று எண்ணுவோர், கால் முறிந்தால் போக வெட்கப்படுவாரா?

சங்கத்திடம் புதிய வகுப்பு எதனையும் நான் கேட்கவில்லை. பெயர்ப் பதிவும் வேண்டாம். நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு நானும் இரண்டு நண்பர்களும் குளக்கட்டில் நடக்கத் தொடங்குகிறோம். கைத்தொலைபேசிகள் வீட்டில் இருக்கும். விரும்பியோர் வரலாம். எவருடைய வாசலிலும் வந்து தட்டி எழுப்பமாட்டோம்.