கப்பலில் புரிந்த கை வீட்டில் புரியவில்லை



சிறப்புக் கவனம் தேவைப்படுகிற குழந்தையைக் கரை சேர்ப்பது பள்ளிக்கூடமா, வீடா? எனக்கு முன்னால் பேசின அம்மா பள்ளிக்கூடம்தான்னு அடிச்சுப் பேசினாங்க. அவங்க சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனாலும் நான் வீட்டுக்காகப் பேச வந்திருக்கேன். எங்க வீடு ஒழுங்காச் செஞ்சதால இல்லைங்க. செய்யாம விட்டதால!

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுறவன். கூண்டுக்குள்ள உட்கார்ந்தா கப்பலோட அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. மேல்தட்டில் ஒருத்தர் நின்னு கையைக் காட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுத்தினா தூக்கணும். கீழே காட்டிச் சுத்தினா இறக்கணும். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அந்தக் கையை நம்பித்தான் டன் கணக்கில் மரத்தடி இறங்குது. எட்டு மணி நேரமும் கையைப் படிக்கிறதுதான் என் உத்தியோகம்.

என் மகளுக்கு மூணு வயசு. தீபாவளி அன்னைக்குத் தெருவில் ஒரு வெடி வெடிச்சது. எல்லாப் பிள்ளைகளும் அலறி ஓடுது, இவ மட்டும் மத்தாப்பையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. அதுவரைக்கும், "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்"னு சொல்லியே நாளைக் கடத்திட்டோம். டாக்டர் பார்த்துட்டு, காது நரம்பே மெலிசு, ஆபரேஷன் இவளுக்குப் பொருந்தாதுன்னுட்டார். பொருந்துகிற குழந்தைகளுக்கு, ஆறு வயசுக்குள்ள கொண்டு போனா, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் இலவசமாவே வைக்கிறாங்க. தாய்மாரே, மூணு வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க. பிறந்த குழந்தைக்கே காது பரிசோதனை உண்டு.

முதல்ல பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பேர் வேண்டாம். கடைசி பெஞ்சில் ரெண்டு வருஷம் படம் வரைஞ்சா. ஆண்டுவிழாவில் நல்லாக் கைதட்டினா. அம்புட்டுதான். (சிரிப்பு)

அப்புறம்தான் பாளையங்கோட்டை. புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்கிற ஆங்கிலேய அம்மையார் 1890-களில் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கின பள்ளிக்கூடம் அங்கே இருக்கு. தூத்துக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். நூறு வருஷம் எங்க பக்கத்திலேயே இருந்திருக்கு, எனக்குத் தெரியலை பாருங்க! ஹாஸ்டலில் விட்டோம். ஆறு மாசத்தில் பிள்ளை ஆளே மாறிட்டா. தோழிகளோட கையாலேயே சண்டை போடுறா, கதை சொல்றா, வார்டனைக் கேலி பண்றா. (கைதட்டல்)

லீவுக்கு வீட்டுக்கு வந்தா ஒரு மூலையில் உட்கார்ந்துடுவா. ஏன்? அங்கே அவளுக்குப் பாஷை இருக்கு. இங்கே இல்லை. நாங்க நாலு பேரும் வாய் ஓயாமப் பேசுறோம், அவளோட பேச ஆள் இல்லை. அவ கையைத் தூக்கினா நான் தட்டிவிடுவேன். "வாயைத் திறந்து சொல்லு தாயி"ம்பேன். கை காட்டிப் பழகினா பேச்சே வராதுன்னு யாரோ சொன்னதை நம்பிட்டேன்.

இந்த நம்பிக்கை என் ஒருத்தனோடது இல்லைங்க. 1880-ல் இத்தாலியில் மிலன் நகரத்தில் ஆசிரியர்கள் கூடி, வாய்ப்பேச்சுதான் உசத்தி, சைகை வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. பல நாடுகளில் வகுப்பறையில் சைகைக்குத் தடை வந்தது. 2010-ல் கனடாவில் வான்கூவரில் கூடின மாநாடுதான் அதுக்கு வருத்தம் தெரிவிச்சது. தப்பை ஒத்துக்க 130 வருஷம்!

எங்க ஊரில் முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. முங்குகிறவனோட கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடிப்பான்னு சொல்வாங்க. தங்கச்சி தாலிக்காகவாவது கவனமா இருப்பான் இல்லையா? கயிறு அசைஞ்சா மேலே இழுக்கணும். நான் என்ன செஞ்சேன்? பிள்ளையை முங்க விட்டுட்டு, கயிற்றைப் பள்ளிக்கூடத்துக் கையில் கொடுத்துட்டு, வீட்டில் வந்து படுத்துக்கிட்டேன்.

ஐயா, இதைச் சொல்லாம இறங்க முடியாது. அவ ஹாஸ்டலில் இருக்கும்போது எங்க அம்மா இறந்துட்டாங்க. பரீட்சை நேரம்னு பிள்ளையைக் கூட்டி வரலை. லீவுக்கு வந்தவ, ஆச்சியோட கட்டில் காலியாக் கிடக்கிறதைப் பார்த்தா. கட்டிலைக் காட்டி, என் முகத்தைப் பார்த்துக் கையால ஏதோ கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. எங்களில் ஒருத்தருக்கும் புரியலை. சுவரில் மாலை போட்ட போட்டோவைக் காட்டினேன். அதைப் பார்த்துட்டு மறுபடியும் அதே கையைக் காட்டினா. கப்பலில் ஊர் பேர் தெரியாத ஆளோட கை புரியுது, பெத்த மகளோட கை புரியலை.

அன்னைக்குத்தான் கத்துக்க உட்கார்ந்தேன். வாத்தியார் வேற யாரு, அவதான்! சோறு, தண்ணி, கோபம், நாளைக்கு, ஏன்னு ஒவ்வொண்ணா. நான் தப்பாக் காட்டினா என் விரலைப் பிடிச்சுத் திருத்துவா, தலையில் ஒரு குட்டும் வைப்பா. (சிரிப்பு) டெல்லியில் இந்திய சைகை மொழிக்குன்னே 2015-ல் அரசு ஒரு மையம் தொடங்கியிருக்கு. அவங்க அகராதியில் 2021-லேயே பத்தாயிரம் சொல், வீடியோவாவே போட்டிருக்காங்க. இரவு ஷிப்ட் இல்லாத நாளில் நானும் என் சம்சாரமும் அதைப் பார்த்துப் பழகினோம்.

எதிரணி அம்மா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொன்னாங்க. 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி, சைகை மொழி தெரிஞ்ச ஆசிரியரை நியமிக்கணும், எல்லாம் சரி. பள்ளிக்கூடத்தைச் சட்டம் கேள்வி கேக்கும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல என் வீட்டை யாரும்மா கேப்பா? காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல காது கேக்கிற அப்பா அம்மாவுக்குப் பிறக்கிறதாச் சொல்றாங்க. அத்தனை வீட்டிலும் ஒரு மூலை இருக்கு.

ஒரு வருஷம் கழிச்சு, ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அதே பழைய கையைக் காட்டினா. இப்ப எனக்குப் புரிஞ்சது. "ஆச்சி போகும்போது என்னைக் கேட்டாங்களா?"

கேட்டாங்க தாயி, ரெண்டு தடவை கேட்டாங்கன்னு கையால சொன்னேன். அவ சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதா. நானும்தான்.