ராகி வயலில் துவரைச் சால்



டிசம்பர் மாதம் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அவரைக்காய் மணத்துக்கு நடுவே இன்னொரு காயும் குவிந்து கிடக்கும். பச்சையில் செம்பழுப்புக் கோடு ஓடிய சின்னக் காய். ‘தொகரிக்காய்’ என்பார்கள். நம்முடைய துவரைதான். உப்புப் போட்டு வேகவைத்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றால் பொழுது போவதே தெரியாது. இந்த ஊரைச் சுற்றி அது வளர்வது பெரும்பாலும் ராகி வயலுக்குள்ளே. அந்தக் கூட்டு விவசாயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மாகடி, தொட்டபள்ளாபுரம், கோலார் பக்கம் இதற்கு ‘அக்கடி சாலு’ என்று பெயர். கன்னடத்தில் சாலு, தமிழில் சால். சொல்லும் ஒன்று, பொருளும் ஒன்று. மாடு பூட்டிய விதைக்கருவி ராகியை விதைத்துக்கொண்டே முன்னால் போகும். அதன் பின்னால் கயிற்றில் ஒரு தனி மூங்கில் குழாய் இழுபட்டு வரும். கூடவே நடந்து வருகிறவர் மடியிலிருந்து துவரையோ அவரையோ ஆமணக்கோ எடுத்து அந்தக் குழாயில் விட்டுக்கொண்டே வருவார். இரண்டு விதைக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்தக் கைதான் தீர்மானிக்கும். ஒரு கலை என்று நான் இதைச் சொல்வது வெறும் பாராட்டுக்காக அல்ல. பல வருஷப் பழக்கம் இல்லாமல் அந்தக் கை அமையாது.

இந்த ஜோடி ஏன் பொருந்துகிறது? ராகிக்கு நான்கு மாதம் போதும். இங்கே பயிராகும் துவரைக்கு ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் துவரை வளர்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு நிதானம். அந்த நேரத்து வெயிலையும் இடத்தையும் ராகி எடுத்துக்கொள்கிறது. நவம்பரில் ராகியை அறுத்த பிறகு பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும், துவரை மட்டும் கிளை விரித்துக் காய் பிடித்து நிற்கும். அதன் ஆணிவேர் எட்டும் ஆழத்தில் ஐப்பசி மழையின் ஈரம் இன்னும் இருக்கிறது.

மண்ணுக்குள் நடப்பது இதைவிடச் சுவையானது. நம் செம்மண்ணில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதை இரும்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். பல பயிர்களால் அதை எடுக்க முடியாது. துவரை வேர் கசியும் ஒருவகை அமிலம் அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறது என்று, ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 1990-ல் எழுதினார்கள். பிறகு துவரையின் இலை உதிர்ந்து மண்ணோடு மக்கும்போது அந்தச் சத்து அடுத்த பயிருக்கும் போய்ச் சேர்கிறது.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் நம் கொல்லிமலையிலும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே ராகி - துவரை ஜோடியைச் சோதித்திருக்கிறார்கள். துவரை இரவில் ஆழத்து நீரை மேலே இழுத்து வறண்ட மேல்மண்ணில் கசியவிடுவதையும், வேரோடு வாழும் பூஞ்சை இழைகள் வழியாக அது ராகிக்குக் கிடைப்பதையும் தொட்டிச் செடிகளில் கண்டார்கள். அதற்காக வயலில் நெருக்கி நட்டுவிடக் கூடாது. நெருக்கினால் தண்ணீர் கொடுக்கும் துவரையே ராகிக்குப் போட்டியாகிவிடும். எட்டுச் சால் ராகிக்கு இரண்டு சால் துவரை என்று பல்கலைக்கழகம் கணக்குச் சொல்வது இந்த இடைவெளியையும் பார்த்துத்தான்.

தனிப்பயிர் தவறென்று சொல்ல மாட்டேன். கலபுரகியின் கரிசலில் துவரையே பிரதானம். அந்த ஊர்ப் பருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏக்கருக்கு எவ்வளவு பருப்பு என்று மட்டும் கேட்டால் தனிப்பயிர்தான் ஜெயிக்கும். ஆனால் ஒரே நிலத்தில் வருஷா வருஷம் துவரையே போட்டால் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் தங்கிவிடும். காய் பிடிக்கிற சமயத்தில் காய்ப்புழு வேறு. வீட்டுக்குச் சோறு, சந்தைக்குப் பருப்பு, மாட்டுக்குத் தாள், அடுப்புக்குக் குச்சி என்று நான்கையும் எதிர்பார்க்கிற மானாவாரிக் குடும்பத்துக்கு, ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று நிற்கிற வயல்தான் வேண்டும். நம் தட்டில் ராகிக் களியும் துவரம்பருப்புக் குழம்பும் சேர்ந்தே இருக்கின்றன, வயலிலும் அப்படி இருப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

வருத்தமும் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் நடுவே நிற்கும் துவரை இடைஞ்சலாகிவிட்டது. அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் மருந்து ராகியை விட்டுவிடும், துவரையைக் கருக்கிவிடும். அதனால் பலர் துவரைச் சாலையே கைவிட்டுவிட்டார்கள். எட்டுச் சால் என்றால் ஏறக்குறைய எட்டடி அகலம். அதற்குள் ஓடக்கூடிய சின்ன இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் இந்தப் பழக்கம் பிழைக்கும் என்பது என் திடமான எண்ணம்.

மழை தள்ளிப்போகும் வருஷங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: துவரை நாற்று நடவு. நாள் தவறி விதைத்த துவரை, பகல்பொழுது குறையத் தொடங்கியதும் வளர்த்தியை நிறுத்திக்கொண்டு குட்டையிலேயே பூத்துவிடும். அதனால் ஜூன் தொடக்கத்திலேயே சின்ன பிளாஸ்டிக் பைகளில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, பைக்கு ஒரு விதை ஊன்றி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஐந்தாறு வாரத்தில் நாற்று தயார். ராகி விதைக்கும்போது துவரைக்கான இரண்டு சாலை விட்டுவைத்து, மழை இறங்கியதும் மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள். வேர் பிடித்து மூன்று நான்கு வாரம் ஆனதும் நுனிக்கொழுந்தை இரண்டு விரலால் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடிக்கும்.