அயலும் எல்லையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பழமை வாய்ந்த ஓர் ஊரிலே குடியிருப்பது எத்தகையது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் பணித்திருக்கின்றனர். பழமையான குடியிருப்பு என்றவுடன் பலருக்கும் காலிக் கோட்டை நினைவுக்கு வரும். மதிலும் வீதியும் வீடும் அங்கே அப்படியே இருக்கின்றன. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நமது மயிலிட்டியிலோ கோட்டையுமில்லை, அரண்மனையுமில்லை. 1990க்கு முன் இருந்த வீடுகளிலும் பெரும்பாலானவை இன்று இல்லை. அவ்வாறாயின் நமது ஊரைப் பழமையான ஊர் என்று எந்த முகத்தோடு சொல்வது? இக்கேள்விக்கு விடை காண்பதே நமது பேச்சின் நோக்கமாகும்.

பழமைக்குச் சாட்சி வேண்டுவோருக்குச் சாட்சி உண்டு. மேற்கே மாவிட்டபுரமும் கீரிமலையும் மாருதப்புரவீகவல்லியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அது ஐதீகம் என்று ஒதுக்குவோர் ஏட்டை நாடலாம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் இங்கு ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார், 1672இல் வெளிவந்த தமது நூலிலே, தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி முதலிய இடங்களோடு மயிலிட்டியையும் ஒரு கோயிற்பற்றாகக் குறித்திருக்கிறார். மிசன் பாடசாலையிற் படித்த நமக்கு அப்பெயரை அந்நூலிற் காண்பது ஒரு மகிழ்ச்சியே. கோயிற்பற்று என்னும் அச்சொல் நமது காணி உறுதிகளிலும் வழங்கி வந்திருக்கிறது.

ஆனால் ஏட்டிலே பெயர் இருப்பது வேறு. ஊரிலே வாழ்வது வேறு. நமது ஊரின் பழமை எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், அது பெட்டியின் அடியிலே மடித்து வைத்த காணி உறுதிகளில் இருக்கிறது என்றே நாம் சொல்வோம்.

யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். முதலிலே காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பெயரில்லாத காணி நமது நாட்டில் இல்லை. ஏதோ ஒரு மரத்தின் பெயரோ, ஒரு காலத்தில் அதனை ஆண்ட மனிதனின் பெயரோ, வளவு, தோட்டம், புலம் என்னும் முடிவோடு அங்கே நிற்கும். பின்னர் எத்தனை பரப்பு என்றிருக்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் நான்கு எல்லைகள் வரும். கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே இன்னாரின் பெண்சாதி. கடைசியில் வீடு, பனை, வடலி, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று முடியும்.

இதிலே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. அயலவர் பெயரைச் சொல்லாமல் நமது வீட்டை எழுத முடியாது. நாம் யார் என்பதை நமது உறுதி சொல்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதையோ அயலவரைக் கொண்டுதான் சொல்கிறது. அதுபோல அயலவரின் உறுதியிலே நாம் ஒரு எல்லையாக நிற்கிறோம்.

தேசவழமையும் இதனையே வலியுறுத்திற்று. 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே சட்டமாக எழுதப்பட்ட அவ்வழக்கம், ஒருவர் தமது காணியை விற்க விரும்பினால் முதலிலே உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. காசு வைத்திருப்பவன் எவனாயினும் வந்து குடியேறலாம் என்று அது விட்டுவிடவில்லை. பெண் பிள்ளைக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கும் முறையினால் அக்காளும் தங்கையும் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தனர். அவர்களின் பிள்ளைகள் இரண்டு முற்றத்தையும் தங்கள் முற்றமென்றே எண்ணி வளர்ந்தனர். ஆறில்லாத நாட்டிலே கிணறே ஆறு. கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு அரிது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகவே ஒரு கிணற்றைப் பலர் பங்கிட்டனர். பங்கிட்டவர் ஒருவரோடொருவர் கோபித்தாலும் கிணற்றடிக்கு வராமல் இருக்க முடியவில்லை. தொழிலுக்குக் கடலில் இறங்கிய வள்ளங்கள் விடிந்தும் கரை திரும்பாவிட்டால், வாடைக்காற்றுக் காலத்தில், ஒரு வீட்டின் கவலை அந்த ஒழுங்கை முழுவதன் கவலையாக இருந்தது. அம்மன் கோயில் மணியும் காணிக்கை மாதா கோயில் மணியும் ஒரே காற்றில் கேட்டன.

இவற்றையெல்லாம் நாம் கண்டவர் போலப் பேசுகிறோமே என்று பெரியோர்கள் நினைக்கலாம். உண்மைதான், நாம் கண்டதில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மூண்டபோது ஊர் முழுவதும் எழுந்து சென்றது. சில நாளிற் திரும்பலாம் என்று எண்ணி அடுப்பிலே உலையை விட்டுச் சென்றவர்களும் உண்டு. சில நாள் இருபத்தேழு ஆண்டுகளாயிற்று. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. நாட்டின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாயிருந்த மயிலிட்டித் துறை மௌனமாயிற்று. மல்லாகம், சுன்னாகம், தெல்லிப்பழைப் பக்கங்களிலே நலன்புரி முகாம்களிலும் வாடகைக் குடில்களிலும் நம்மவர் வாழ்ந்தனர். இளைஞராகிய நம்மிற் பலர் பிறந்ததும் அங்கேதான். எந்த ஊர் என்று ஆசிரியர் கேட்டால், கண்ணாலே காணாத ஊரை நாம் தயங்காமல் மயிலிட்டி என்று சொன்னோம். அப்படிச் சொல்லக் கற்றுத் தந்தவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாருமேயாவர்.

2017ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. அதன்பின் வேறு பகுதிகளும் சிறிது சிறிதாகத் திரும்பின. 2019இலே துறைமுகப் புனரமைப்பின் முதற்கட்டம் முடிந்து திறக்கப்பட்டது. வலிகாமம் வடக்கில் இன்னும் மக்கள் கைக்கு வராத நிலம் இருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

திரும்பிய நிலத்திலே முதன்முதல் கால் வைத்தவர்கள் கண்டதென்ன? வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையுமில்லை. பற்றைக்காடு ஒரே மட்டமாக நின்றது. கையிலே உறுதி இருந்தது. உறுதியிலே நான்கு எல்லை இருந்தது. ஆனால் எல்லையாகச் சொல்லப்பட்ட வேலி எங்கே? கிணறு ஒன்று அகப்பட்டால், அதிலிருந்து இத்தனை அடி தள்ளி அடுக்களை, அதன் பக்கத்தில் இன்னாரின் வேலி என்று கணக்குப் பண்ணினார்கள். அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, “ஓம், இதுதான் உங்கள் கிணறு, எங்கள் வளவு இந்தப் பூவரசுக்கு அப்பாலே” என்று சொல்ல வேண்டியிருந்தது. உறுதியில் எழுதியிருந்த உண்மை அன்றைக்கு நிலத்திலே நின்று பேசிற்று. அயலவர் வராத இடத்திலே சொந்தக்காரருக்கும் தமது காணி தெரியவில்லை.

இப்பொழுது நமது காலத்துக்குரிய கேள்விக்கு வருவோம். அந்த அயலவர்கள் எங்கே? சிலர் காலமாயினர். சிலர் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். நாலு பரப்புக் காணி மூன்று தலைமுறையிலே பலருக்கு உரித்தாகி, ஒருவரும் கையெழுத்திட முடியாமற் கிடக்கிறது. இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தவர்களும் உண்டு. 1990இலே முப்பது வயதினராயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். ஊரின் படம் அவர்களின் நெஞ்சிலே தான் இருக்கிறது. வேறெங்கும் முழுமையாக இல்லை. ஒவ்வொரு மரண அறிவித்தலோடும் ஓர் ஒழுங்கை மறைகிறது. அரசு கொடுக்கும் வீட்டுத்திட்டத்தாலே வீடு கிடைக்கலாம். அயலை எந்தத் திட்டமும் கட்டித் தராது.

உலகத்திலே இந்நிலை நமக்கு மட்டும் வந்ததன்று. போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவின் பழைய நகர்ப்பகுதி 1944இலே தரைமட்டமாக்கப்பட்டது. போர் முடிந்ததும் அந்நகர மக்கள் அதனை இருந்தபடியே மீளக் கட்டினர். எதைப் பார்த்துக் கட்டினர்? பதினெட்டாம் நூற்றாண்டிலே பெலோட்டோ என்னும் ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளையும், கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்து வைத்திருந்த படங்களையும் பார்த்துக் கட்டினர். 1980இலே யுனெஸ்கோ அதனையும் உலக மரபுரிமையென்று ஏற்றது. நமக்கு ஓவியர் இல்லை. ஆனால் உறுதிகள் உண்டு, பெரியோர் உண்டு. அளந்து எழுதுவதற்கு மாணவர்களாகிய நாம் இல்லையா?

நாம் கற்ற பாடசாலையிலே விவிலியக் கதையொன்று சொல்வார்கள். எருசலேமின் இடிந்த மதிலை நெகேமியா என்பவர் மீளக் கட்டுவித்தபோது, பலரும் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பங்கைத் திருத்தினராம். முழு மதிலையும் ஒருவனே கட்டவில்லை. நமது நாவுக்கரசு சுவாமிகளும் உழவாரப்படையைக் கையிலேந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செருக்கினார். பெரிய காரியம் கைக்கெட்டிய முற்றத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை இருவரும் காட்டினர்.

ஒரு விடயத்தை மட்டும் பெரியோர்கள் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். பழைய அயல் அத்தனையும் இனித்தது என்று சொல்வது உண்மையாகாது. எல்லோருக்கும் எல்லாக் கிணற்றிலும் அள்ள இடமிருக்கவில்லை; எல்லோருக்கும் எல்லாக் கோயிலிலும் உள்ளே போக வழியிருக்கவில்லை. நமக்கு அணித்தேயுள்ள மாவிட்டபுரத்திலே 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நாடு அறியும். முகாமிலே ஒரே குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வரிசையிலே யார் முன், யார் பின் என்பதை வாளிதான் தீர்மானித்தது; சாதி தீர்மானிக்கவில்லை. எல்லைகளைத் தேடிப் பிடிக்கும்போது, காணியின் எல்லையை மீட்போம். மனிதரைத் தள்ளி வைத்த எல்லையைப் பற்றைக்குள்ளேயே விட்டுவிடுவோம். உறுதி இல்லாமல் பிறர் காணியில் குடியிருந்தவர்களும் இவ்வூரவர்களே. அவர்களின் பெயரும் நாம் எழுதும் ஏட்டில் வரவேண்டும்.

ஆகவே இச்சபையின்முன் மூன்று காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். அவ்வொழுங்கையில் வாழ்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து, அவர் சொல்லச் சொல்லக் காணிப் பெயர், கிணறு, எல்லை மரம், யார் குடியிருந்தார் என்பவற்றை எழுதுவோம். அளவு நாடாவும் கைத்தொலைபேசியும் போதும். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு நாமே செல்வோம். வெளிநாட்டிலுள்ளவர்களைத் தொலைபேசியிற் கேட்போம். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தால் இரண்டையும் எழுதி வைப்போம். ஒல்லாந்தர் வரிக்காகத் தோம்பு எழுதினர். நாம் நினைவுக்காகத் தோம்பு எழுதுவோம்.

இரண்டாவது, உறுதியைத் தொலைத்தவர்களுக்குக் காணிப் பதிவகத்திலே பிரதி எடுக்க உதவுவோம். விண்ணப்பம் எழுதுவதும் வரிசையில் நிற்பதும் முதியோருக்குப் பாரம். நமக்கு ஒரு காலைப்பொழுது.

மூன்றாவது, வருடத்திலே சில கிணறுகளையாவது இறைத்துத் துப்புரவாக்குவோம். தண்ணீர் உள்ள இடத்துக்கு மனிதர் வருவர்.

“படித்த பிள்ளைகள் நீங்கள் நாளை கொழும்புக்கும் கடல் கடந்தும் போய்விடுவீர்கள்; உங்களுக்கு இந்த எல்லை எதற்கு?” என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மில் எல்லோரும் இங்கேயே வாழ்வோம் என்று வாக்குக் கொடுக்க நாம் துணியவில்லை. உத்தியோகமும் தொழிலும் எங்கே இழுக்கும் என்பது யாருக்குத் தெரியும்? ஆயினும் நாம் எங்கே போனாலும், மயிலிட்டியிலே யாரோ ஒருவரின் உறுதியில் மேற்கு எல்லையாக நமது குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கிறது. அவர் தமது வீட்டைக் கட்டுவதற்கு நமது வேலி எங்கே என்று கேட்பார். அதற்கு விடை சொல்ல வல்லவராய் இருப்பதே நம்மேல் உள்ள கடன். இருப்பவர் இருந்து சொல்லட்டும். போகிறவர் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

பழைய ஊரில் வாழ்வது என்பது நமக்குக் கிடைத்த ஆறுதலன்று, ஒப்படைக்கப்பட்ட வேலை. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் துறைமுகத்தடியில் கூடுவோம். பெரியோர்கள் குடையோடு வாருங்கள். ஏடும் எழுதுகோலும் நாம் கொண்டுவருவோம்.