அடுப்படி வாத்தியார்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பண்பொழிக்காரன். கொதிகலன் பிரிவில் இன்ஜினீயர். ஆனால் பேசப்போவது ஒரு சமையல்காரரைப் பற்றி.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம் பெரியதம்பி ஐயாவின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யூடியூபில் வரும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தாத்தா அவர்தான். முன்பு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர். பேரன்மாருக்கு விவசாயத்தில் வருஷத்துக்கு ஆறு மாசம்தான் வேலை. மீதி நாளை எப்படி ஓட்டுவது? 2018-ல் தாத்தாவை வயல்வெளியில் விறகடுப்பு மூட்டச் சொல்லி, அதைப் படம்பிடித்துப் போட ஆரம்பித்தார்கள்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு சேர்ந்து, காளான் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கலந்தார். அதே வருஷம், ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. கொரோனா நிவாரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-ல் 'விக்ரம்' படத்திலும் தலைகாட்டினார்கள்.

இதில் எனக்கென்ன? எங்கப்பாவும் கல்யாண வீட்டுச் சமையல்காரர்தான். இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று, தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'விவசாயம்' என்று எழுதினேன். நாலு வருஷமும் அதையே சொன்னேன். ஒருநாள் நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் கோட்டை அடுப்பு முன்னால் அப்பா நின்றார். பார்க்காதவன் மாதிரி பந்தியில் உட்கார்ந்தேன். அவரும் என்னைத் தெரியாதவர் மாதிரியே இருந்துவிட்டார்.

வேலைக்குப் போனபிறகுதான் உறைத்தது. ஈர விறகு எரிந்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். காற்று போதாவிட்டால் புகைதான் மிஞ்சும். சுவாலை அடங்கியபின் கங்கு நின்று சீராகச் சூடு தரும். இதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்தேன். அப்பாவோ, நான் சின்னப் பையனாக இருந்தபோதே, "விறகைத் திணிக்காதலே, காத்துக்கு வழி விடு" என்று சொல்லியிருக்கிறார்.

பெரியதம்பி ஐயாவுக்குக் கைத்திறன் ஏற்கெனவே இருந்தது. அதை உலகத்துக்குக் காட்டியது, தாத்தா தொழிலைப் பெருமையாக நினைத்த பேரன்மார். அவர்களில் எம்.ஃபில் படித்தவரும் உண்டு. படிப்பு எனக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்குக் காட்டக் கற்றுக்கொடுத்தது.

அப்பா இன்று இல்லை. அதனால் இந்த மேடையிலேயே திருத்திக்கொள்கிறேன்: தந்தையின் தொழில், சமையல்.

தம்பி தங்கைகளே, உங்கள் விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.