மிதக்கும் மேடை



கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்று ஒரு தெரு. அந்தப் பக்கத்துக் காயலில் இப்போது வாட்டர் மெட்ரோ படகுகள் ஓடுகின்றன. அவற்றின் மேடை தண்ணீரில் மிதக்கிறது. நீர் ஏறினால் மேடையும் ஏறும், வடிந்தால் தானும் இறங்கும். அதனால் சக்கர நாற்காலியில் வருகிறவர்கூட, யாரும் தூக்கிவிடாமல், படகுக்குள் போய்விடலாம்.

படிப்பு ஒரு கரை என்றால் வேலை மறு கரை. இடையில் இப்படி ஒரு மேடை இல்லாததால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றுவிடாதவர் பிராஞ்சல் பாட்டீல். ஆறு வயதில் பார்வையை இழந்தவர். குடிமைப் பணித் தேர்வில் வென்றார். ஆனால், பார்வையில்லை என்று ரயில்வே கணக்குப் பணி மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. மறுபடி எழுதி 124-ஆவது இடம் பெற்றார். 2018-இல் இதே காயலின் அக்கரையில், எறணாகுளத்தில், உதவி ஆட்சியராகப் பொறுப்பேற்றார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவருக்குத் துணை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுக்கு உயர்கல்வியில் 5 சதவீத இடங்களும் அரசுப் பணியில் 4 சதவீத இடங்களும் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் சட்டத்தோடு வேலை முடிந்துவிடுமா? படிக்கும்போதே தொழில் பழக ஓர் இடம், அலுவலக வாசலில் ஒரு சாய்தளம், 'வாங்க, செய்து பாருங்க' என்று ஒரு வார்த்தை, இவ்வளவும் வேண்டும்.

ஏறி வருவதற்கு அவர்கள் தயார். மேடையைச் சமமாக்குவது நம் கடமை.